சிகிச்சைக்கு ஆன்டிபயாடிக் பெறும் 100 பேரில் 6 பேருக்குத்தான் கிருமி தெரிகிறது: லேப் ரிப்போர்ட்டை யார் பார்க்கிறார்கள்?

ஆஸ்பத்திரியில் யாரையாவது சேர்த்த அனுபவம் இருப்பவர்களுக்கு இந்த வாக்கியம் பழகியிருக்கும்: "கல்ச்சர் அனுப்பியிருக்கோம், ரிப்போர்ட் வர ரெண்டு, மூணு நாள் ஆகும்." பிறகு ட்ரிப்ஸ் ஏறும், ஆன்டிபயாடிக் ஊசி போகும், காய்ச்சல் இறங்கும், டிஸ்சார்ஜ் ஆகிவிடும். ரிப்போர்ட் ஃபைலுக்குள் போய்விடும். அதில் என்ன இருந்தது என்று கேட்பவர்கள் குறைவு.

தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021 நவம்பர் முதல் 2022 ஏப்ரல் வரை நாட்டின் 20 பெரிய மருத்துவமனைகளில் ஒரு சர்வே எடுத்தது. 9,600-க்கும் மேற்பட்ட உள்நோயாளிகளில் 71.9 சதவீதம் பேருக்கு ஆன்டிபயாடிக் தரப்பட்டிருந்தது. எழுதப்பட்ட மருந்துகளில் பாதிக்கும் மேல், அதாவது 55 சதவீதம், தொற்று வந்துவிடக் கூடாது என்ற முன்னெச்சரிக்கைக்காக. மீதி 45 சதவீதம்தான் சிகிச்சைக்காக. அந்தச் சிகிச்சைப் பிரிவில், எந்த பாக்டீரியா என்று தெரிந்த பிறகு எழுதப்பட்டவை எவ்வளவு? 6 சதவீதம்.

இந்த சர்வே ஒரே நாளில் எடுத்த போட்டோ மாதிரி. மற்ற 94 சதவீதத்தில், ரிப்போர்ட்டுக்காகக் காத்திருந்தவர்களும் இருந்திருப்பார்கள். அதைக் கழித்துப் பார்த்தாலும் 6 என்பது ரொம்பச் சின்ன எண். இவை லேப் இல்லாத ஊர் ஆஸ்பத்திரிகளும் இல்லை. மைக்ரோபயாலஜி துறை இயங்கும் உயர் சிகிச்சை மருத்துவமனைகள். சோதனை வசதி இருக்கிறது, ஆனால் அது சொல்வதை வைத்து மருந்து முடிவாவதில்லை என்பதுதான் பிரச்சினை.

லேபுக்குள் என்ன நடக்கிறது?

'கல்ச்சர் அண்ட் சென்சிட்டிவிட்டி' என்பது ஒரே சோதனை இல்லை, அடுத்தடுத்து நடக்கும் இரண்டு வேலைகள். முதலில் ரத்தம், சிறுநீர், சளி, சீழ் என எது வந்ததோ அதிலிருந்து பாக்டீரியாவை வளர்த்து எடுக்க வேண்டும். ரத்த மாதிரி என்றால் பாட்டிலோடு ஒரு மெஷினுக்குள் போகும். உள்ளே பாக்டீரியா பெருகும்போது கார்பன் டை ஆக்சைடு வெளிவரும், அதை வைத்து மெஷின் சிக்னல் தரும். பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். சிக்னல் வராவிட்டால் 5 நாள் வரை பார்த்துவிட்டுத்தான் 'வளர்ச்சி இல்லை' என்று எழுதுவார்கள்.

இரண்டாவது வேலைதான் சென்சிட்டிவிட்டி. வளர்ந்த பாக்டீரியாவைக் குறிப்பிட்ட அளவு கலங்கலாக உப்புநீரில் கரைத்து, முல்லர்-ஹின்டன் என்ற அகார் தட்டில் சீராகப் பூசுவார்கள். அதன்மேல் 6 மில்லிமீட்டர் அகலமுள்ள, மருந்து ஏற்றிய சின்னச் சின்னக் காகித வட்டுகளை வைத்து, 35 டிகிரியில் 16 முதல் 18 மணி நேரம் விடுவார்கள். மறுநாள் காலையில் தட்டைப் பார்த்தால் சில வட்டுகளைச் சுற்றித் தெளிவான வட்டம் இருக்கும், அங்கே பாக்டீரியா வளரவில்லை என்று அர்த்தம். சில வட்டுகளைச் சுற்றி எதுவுமே நடந்திருக்காது. வட்டு விளிம்பு வரை பாக்டீரியா நிம்மதியாக வளர்ந்திருக்கும்.

அந்த வட்டத்தை ஸ்கேலால் அளக்கிறார்கள், அவ்ளோதான். அமெரிக்காவின் சியாட்டிலில் 1966-ல் பவர், கிர்பி உள்ளிட்டோர் இந்த முறையை ஒழுங்குபடுத்தினார்கள். இன்றும் உலகின் பெரும்பாலான லேப்களில் இதுதான் ஓடுகிறது. பெரிய மருத்துவமனைகளில் தானியங்கி மெஷின்கள் வந்துவிட்டன, ஆனால் அவையும் கேட்பது அதே கேள்வியைத்தான்: இந்த நோயாளியிடமிருந்து வந்த இந்தக் கிருமி, இந்த மருந்து இருக்கும் இடத்தில் வளருமா, வளராதா?

21 மில்லிமீட்டர் கதை

வட்டம் பெரிதாக இருந்தால் மருந்து வேலை செய்யும், சின்னதாக இருந்தால் செய்யாது. எவ்வளவு பெரிது? அங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவை எடுத்துக்கொள்வோம். சிறுநீர்ப் பாதைத் தொற்றுக்கு மிகப் பொதுவான காரணம் இதுதான். சிப்ரோஃப்ளாக்சசின் வட்டைச் சுற்றி 21 மில்லிமீட்டர் வட்டம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்திய லேப்கள் பரவலாகப் பின்பற்றும் அமெரிக்காவின் சிஎல்எஸ்ஐ விதிப்படி, 2018 வரை இது 'எஸ்', அதாவது சென்சிட்டிவ். 2019-ல் அந்த எல்லை மாற்றப்பட்டது. 26-ம் அதற்கு மேலும் இருந்தால்தான் எஸ், 21-ம் அதற்குக் கீழும் 'ஆர்', அதாவது ரெசிஸ்டன்ட். அதே கிருமி, அதே தட்டு, அதே வட்டம். போன வருடம் 'கொடுக்கலாம்', இந்த வருடம் 'கொடுக்காதே'.

இதில் மோசடி எதுவும் இல்லை. உடலில் மருந்து எந்த அளவுக்குச் சேர்கிறது, எந்த அளவில் நோயாளிகள் குணமாகிறார்கள் என்ற தரவு சேரச் சேர எல்லைக்கோடு திருத்தப்படுகிறது. ஆனால் ஒரு லேப் பழைய அட்டவணையைச் சுவரில் ஒட்டி வைத்துக்கொண்டு ரிப்போர்ட் எழுதினால், வேலை செய்யாத மருந்துக்கு எஸ் போட்டுக் கொடுத்துவிடும். நோயாளிக்கு அது தெரிய வழியே இல்லை. லேப் எந்த விதியை, எந்த ஆண்டுப் பதிப்பைப் பின்பற்றுகிறது என்பதை ரிப்போர்ட்டின் அடியில் ஒரு வரியாக அச்சிடுவது எல்லா லேபுக்கும் கட்டாயமாக வேண்டும். ஸ்கேனுக்கு வந்த மெஷினின் மாடலை விளம்பரப் பலகையில் போடுகிறவர்களுக்கு இது பெரிய சிரமம் இல்லை.

ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்தால்…

இப்போது பல லேப்கள் ரிப்போர்ட்டை நேராக மொபைலுக்கே அனுப்பிவிடுகின்றன. டாக்டர் பார்ப்பதற்கு முன்பே வீட்டில் எல்லோரும் பார்த்துவிடுகிறார்கள். வரிசையாக மருந்துப் பெயர்கள், பக்கத்தில் எஸ், ஐ, ஆர். சிலவற்றில் ஒரு எண்ணும் இருக்கும். அதுதான் எம்ஐசி: கிருமியின் வளர்ச்சியை நிறுத்தத் தேவையான மிகக் குறைந்த மருந்தளவு.

இங்கே எல்லோரும் செய்யும் தப்பு ஒன்று உண்டு. 'இந்த மருந்துக்கு 0.5, அந்த மருந்துக்கு 4. அப்போ 0.5 தான் பவர்ஃபுல்' என்று முடிவு கட்டுவது. அப்படி ஒப்பிடவே கூடாது. ஒவ்வொரு மருந்தும் ரத்தத்தில் சேரும் அளவு வேறு, எல்லைக்கோடும் வேறு. ஒரு மருந்துக்கு 4 என்பது சுலபமாக எட்டக்கூடிய அளவாக இருக்கலாம், இன்னொன்றுக்கு 1 என்பதே எட்டாத உயரமாக இருக்கலாம். எண்ணைப் பக்கத்து மருந்தின் எண்ணோடு அல்ல, அதற்கே உரிய எல்லைக்கோட்டோடுதான் ஒப்பிட வேண்டும்.

இன்னொரு விஷயம், எஸ் என்றால் 'எந்த இடத்துத் தொற்றுக்கும் வேலை செய்யும்' என்று அர்த்தமில்லை. நைட்ரோஃபுரான்டாயின் சிறுநீரில் நன்றாகச் சேரும், ரத்தத்தில் போதுமான அளவுக்கு நிற்காது. சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு அருமையான மருந்து, ஆனால் கிருமி ரத்தத்துக்குப் போய்விட்டால் பயனில்லை. டேப்டோமைசின் என்ற விலை உயர்ந்த ஊசியை நுரையீரலில் இயல்பாகவே இருக்கும் ஒரு வழுவழுப்புப் பொருள் செயலிழக்கச் செய்துவிடும், நிமோனியாவுக்கு உதவாது. டைஃபாய்டு கிருமி லேப் தட்டில் ஜென்டாமைசினுக்குப் பணிந்து போகலாம், ஆனால் உடலில் அது செல்லுக்குள் ஒளிந்துகொள்ளும். அதனால் அந்த மருந்துக்கு எஸ் என்று ரிப்போர்ட் கொடுக்கவே கூடாது என்பது விதி.

'ஏன் என் ரிப்போர்ட்டில் பத்து மருந்துதான் இருக்கு, பெரிய மருந்தையெல்லாம் டெஸ்ட் பண்ணலையா?' என்ற சந்தேகமும் வரும். பல நல்ல லேப்கள் வேண்டுமென்றே மறைக்கின்றன. சாதாரண மருந்தே வேலை செய்யும்போது மெரோபெனம் மாதிரியான கடைசிக்கட்ட மருந்தின் பெயரைப் பட்டியலில் காட்டினால், எழுதும் கை அதை நோக்கிப் போய்விடும். இதில் லேப் பக்கம்தான் நியாயம். கஸ்டமருக்கு எல்லாம் காட்ட வேண்டும் என்ற கடை மனநிலை இங்கே ஆபத்து.

முதல் ஊசிக்கு முன்னாடியா, பின்னாடியா?

இவ்வளவு நுணுக்கமான சோதனையைக் கெடுக்க ஒரே ஒரு ஊசி போதும். மாதிரி எடுப்பதற்கு முன் ஆன்டிபயாடிக் போய்விட்டால், அந்த மாதிரியில் பாக்டீரியா வளராமல் போகும் வாய்ப்பு அதிகம். நோய் இருக்கும், ரிப்போர்ட்டில் 'வளர்ச்சி இல்லை' என்று வரும். டாக்டருக்கு வழிகாட்ட எதுவும் இருக்காது. வேறு வழியின்றி பெரிய மருந்தே தொடரும். மெடிக்கலில் தானாக வாங்கிச் சாப்பிட்ட இரண்டு மாத்திரைகளும் இதே வேலையைச் செய்யும். அட்மிஷனின்போது அதை டாக்டரிடம் மறைப்பவர்கள் யோசிக்க வேண்டிய இடம் இது.

மாதிரி எடுக்கும் விதத்திலும் விஷயம் இருக்கிறது. பெரியவர்களுக்கு ஒரு பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி ரத்தம் வேண்டும், இரண்டு வெவ்வேறு இடங்களில் குத்தி எடுக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தோலில் இருக்கும் சாதாரண பாக்டீரியா வளர்ந்தால், அது ஊசி வழியாக ஒட்டிக்கொண்டு வந்தது என்று சந்தேகிக்கலாம். 'எதுக்கு இவ்ளோ ரத்தம் எடுக்கறாங்க' என்று நர்ஸிடம் சண்டை போடும் உறவினர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. ரத்தம் குறைந்தால் கிருமி சிக்கும் வாய்ப்பும் குறையும்.

அப்படியென்றால் ரிப்போர்ட் வரும் வரை மருந்தே கொடுக்காமல் இருக்க வேண்டுமா? கூடவே கூடாது. செப்சிஸ் அதிர்ச்சி நிலைக்குப் போன நோயாளிக்கு ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் தொடங்க வேண்டும் என்பது சர்வதேச வழிகாட்டுதல். கல்ச்சர் எடுப்பதற்காக 45 நிமிடத்துக்கு மேல் தாமதிக்கக் கூடாது என்றும் அதுவே சொல்கிறது. ஈ.கோலைக்கு வசதியான சூழல் கிடைத்தால் சுமார் 20 நிமிடத்தில் இரண்டு மடங்காகும். காத்திருக்க நேரம் கிடையாது. ஆகவே முதல் நாள் டாக்டர் அனுபவத்தை வைத்து மருந்து கொடுப்பது தவறே இல்லை. அது மருத்துவத்தின் ஏற்கப்பட்ட வழி.

தவறு மூன்றாம் நாளில் நடக்கிறது. ரிப்போர்ட் வருகிறது: 'சாதாரண செஃப்ட்ரியாக்சோனே வேலை செய்யும்.' ஓடிக்கொண்டிருப்பது மெரோபெனம். நோயாளிக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது. இப்போது மருந்தை மாற்ற வேண்டும், அதுதான் கல்ச்சர் எடுத்ததன் பயன். ஆனால் 'ஓடுற வண்டியை ஏன் நிறுத்தணும்' என்ற எண்ணம் குறுக்கே வருகிறது. மாற்றிய பிறகு காய்ச்சல் திரும்பினால் பழி யார் மேல் விழும்? குடும்பம் வேறு, 'பெரிய மருந்தை நிறுத்திட்டாங்க' என்று பதறும். டாக்டரின் பயம் புரிந்துகொள்ளக்கூடியதுதான், ஆனால் அந்தப் பயத்துக்கான விலையை அடுத்த பெட்டில் இருப்பவர் கொடுக்கிறார். கடைசிக்கட்ட மருந்து புழங்கப் புழங்க, அதைத் தாங்கிப் பிழைக்கும் கிருமிகள்தான் அந்த வார்டில் மிஞ்சும்.

சென்னைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

2010 ஆகஸ்டில் 'லான்செட் இன்ஃபெக்ஷியஸ் டிசீசஸ்' இதழில் ஒரு ஆய்வு வந்தது. முதன்மை ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் கார்த்திகேயன் குமாரசாமி. மெரோபெனம் குடும்பத்து மருந்துகளையே உடைத்துப்போடும் என்டிஎம்-1 என்ற நொதிக்கான மரபணு, சென்னையில் எடுத்த 44 மாதிரிகளிலும், ஹரியாணாவில் 26-லும், பிரிட்டனில் 37-லும் இருந்ததாக அது சொன்னது. பெயரில் 'நியூ டெல்லி' இருந்ததால் நாட்டில் பெரிய கோபம் எழுந்தது. விவாதம் முழுக்கப் பெயரைச் சுற்றியே ஓடியது. 2012 ஆகஸ்டில் மருத்துவ அமைப்புகள் சென்னையில் கூடி, ஆன்டிபயாடிக் பயன்பாட்டைக் கட்டுப்படுத்த ஒரு திட்டத்தை முன்வைத்தன. 'சென்னைப் பிரகடனம்' என்று அதற்குப் பெயர்.

அதன்பிறகு சில நல்லவை நடந்தன. 2013-ல் ஐசிஎம்ஆர் ஒரு கண்காணிப்பு வலைப்பின்னலைத் தொடங்கியது. வேலூர் சிஎம்சி, புதுச்சேரி ஜிப்மர் ஆகியவையும் அதில் முக்கிய மையங்கள். 2014 மார்ச் முதல் முக்கிய ஆன்டிபயாடிக்குகள் எச்1 அட்டவணைக்குள் வந்தன. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, விற்றதைத் தனிப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும்.

ஆனால் எண்கள் இறங்கவில்லை. ஐசிஎம்ஆர் தரவுப்படி, ஈ.கோலை மாதிரிகளில் இமிபெனம் மருந்துக்குக் கட்டுப்பட்டவை 2016-ல் 86 சதவீதம், 2021-ல் 64. கிளெப்சியெல்லா நிமோனியே என்ற இன்னொரு கிருமியில் அது 65-லிருந்து 43 ஆனது. இந்த எண்களைப் பார்த்துப் பயப்படுவதற்கு முன் ஒரு விஷயம்: இவை பெரிய மருத்துவமனைகளின் மாதிரிகள். பல இடம் சுற்றி, பல மருந்து பார்த்துவிட்டு வந்து சேர்பவர்கள் அங்கே அதிகம். உங்கள் தெரு கிளினிக்கில் வரும் சாதாரண யூரினரி இன்ஃபெக்ஷனுக்கு இதே விகிதம் பொருந்தாது. ஆனால் திசை என்னவோ தெளிவாகத்தான் இருக்கிறது.

இதற்கும் மேலே போனால் மிஞ்சுவது கொலிஸ்டின் போன்ற சில மருந்துகள்தான். சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்பதால் ஒருகாலத்தில் ஓரங்கட்டப்பட்ட பழைய மருந்து அது. அதற்குக் காகித வட்டுச் சோதனையே செல்லாது. மூலக்கூறு பெரிது என்பதால் அகாரில் சரியாகப் பரவாது. 2020-ல் சிஎல்எஸ்ஐ இன்னொரு முடிவு எடுத்தது: கொலிஸ்டினுக்கு இனி எஸ் என்ற பிரிவே கிடையாது, ஐ அல்லது ஆர் மட்டும்தான். 'இது நம்பி வேலை செய்யும்' என்று ரிப்போர்ட்டில் எழுதவே முடியாத ஒரு மருந்தைக் கடைசி நம்பிக்கையாக வைத்து ஐசியூக்கள் ஓடுகின்றன. இதே கொலிஸ்டினைக் கோழித் தீவனத்தில் கலப்பதற்கு இந்தியாவில் தடை வந்தது 2019-ல்தான்.

காசநோயில் முடிந்தது, இங்கே ஏன் முடியவில்லை?

இந்தியாவால் முடியாது என்று சொல்ல முடியாது. காசநோய்த் திட்டத்தில், நோய் உறுதியான ஒவ்வொருவருக்கும் குறைந்தபட்சம் ரிஃபாம்பிசின் எதிர்ப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பது அரசின் கொள்கை. அதற்கான மரபணு மெஷின்கள் மாவட்டங்கள் வரை போயிருக்கின்றன, 2 மணி நேரத்துக்குள் பதில் வருகிறது. காசநோய் என்றால் ஒரே கிருமி, ரிஃபாம்பிசின் எதிர்ப்பு பெரும்பாலும் ஒரே மரபணுவில் தெரிந்துவிடும். மற்ற தொற்றுகளில் கிருமியும் பல, தப்பிக்கும் வழியும் பல. அதனால் அப்படியே காப்பி அடிக்க முடியாது. ஆனால் 'சோதித்துவிட்டு மருந்தை முடிவு செய்' என்பதை ஒரு அரசுத் திட்டத்தின் விதியாக வைக்க முடியும் என்பதற்கு அது சாட்சி.

அரசு செய்ய வேண்டியது பெரிய அறிவிப்புகள் அல்ல. ஆன்டிபயாடிக் எழுதும்போது காரணத்தையும் சீட்டில் குறிப்பிடுங்கள் என்று மத்திய சுகாதார சேவைகள் இயக்குநரகம் 2024 ஜனவரியில் டாக்டர்களுக்குக் கடிதம் எழுதியது. நல்ல விஷயம், ஆனால் கடிதம்தான். கேஸ் ஷீட்டில் இரண்டு கட்டங்கள் இருந்தால் போதும்: முதல் டோஸுக்கு முன் கல்ச்சர் எடுக்கப்பட்டதா, ரிப்போர்ட் வந்த பிறகு மருந்து மறுபரிசீலனை செய்யப்பட்டதா? காப்பீட்டுத் திட்டத்தில் பணம் கேட்கும்போது இந்த இரண்டு கட்டங்களும் நிரம்பியிருக்க வேண்டும் என்று சொல்லிப் பாருங்கள், 6 என்ற எண் நகரும். மாவட்ட மருத்துவமனை லேப்கள் இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் மாதிரி வாங்க வேண்டும். தொற்று ஆபீஸ் நேரம் பார்த்து வருவதில்லை.

நோயாளியின் பக்கத்திலிருந்து கேட்க இரண்டே கேள்விகள்: "ஊசி போடறதுக்கு முன்னாடி கல்ச்சர் எடுத்தாச்சா டாக்டர்?" மூன்றாம் நாள், "ரிப்போர்ட் வந்துடுச்சா, அதைப் பார்த்து மருந்து மாறுமா?" இது டாக்டரைச் சந்தேகிப்பது ஆகாது. மருந்தை மாற்ற நினைக்கும் டாக்டருக்கு, குடும்பம் இப்படிக் கேட்பது உண்மையில் பலம்.

மருத்துவமனைகளிடம் கேட்க வேண்டியது இன்னொன்று, ஆன்டிபயோகிராம். ஓர் ஆண்டு முழுக்க அந்த ஆஸ்பத்திரியில் எந்தக் கிருமி எத்தனை பேரிடம் வந்தது, எந்த மருந்துக்கு எத்தனை சதவீதம் கட்டுப்பட்டது என்ற ஒரு பக்க அட்டவணை. ஒரு நோயாளிக்கு ஒரு முறைதான் கணக்கு, ஒரு கிருமியில் குறைந்தது 30 மாதிரியாவது இருக்க வேண்டும் என்று இதற்கும் விதிகள் உண்டு. ரிப்போர்ட் வராத அந்த முதல் இரண்டு நாளில் டாக்டரின் ஊகம் சரியாக அமைய இந்த அட்டவணைதான் கைகொடுக்கும். கேரளம் மாநில அளவிலேயே இதை வெளியிட்டிருக்கிறது. இங்கே ரோபோட்டிக் சர்ஜரிக்கு ஹோர்டிங் வைக்கும் மருத்துவமனைகளில் எத்தனை இந்த ஒரு பக்கத்தைத் தங்கள் இணையதளத்தில் போட்டிருக்கின்றன என்று தேடிப் பாருங்கள். புது மெஷின் தேவையில்லை. தரவு ஏற்கெனவே லேப் கம்ப்யூட்டரில் கிடக்கிறது. கணக்குப் போட்டுத் தர 'ஹூநெட்' என்ற மென்பொருள் இருக்கிறது, அதுவும் இலவசம்.